சான்றிதழில் வரவேண்டிய பெயர்

சான்றிதழில் வரவேண்டிய முழுப் பெயரை எழுதுக என்று கணினி கேட்டபோது, கராஜுக்குள் இருந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாதாரணக் கேள்விதான். ஆனால் எங்கள் ஆட்களிடம் யார் பெயரைப் போடுவது என்று கேட்டுவிட்டு அதைச் சாதாரணக் கேள்வி என்று சொல்ல முடியுமா? கலியாண அழைப்பிதழில் பெயர் பிந்திப் போனதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் சிட்னியின் பென்டில் ஹில்லில் தெருவுக்கு ஒன்று உண்டு.

“அங்கிளின்ர பெயரைப் போடுவம்,” என்றார் விக்னராஜா. “கராஜ் அவரின்ர. ரீவியும் அவரின்ர. வயசிலயும் மூத்தவர். நல்ல காரியம் ஒண்டு தொடங்கேக்க மூத்த ஆளின்ர பெயரில தொடங்கிறதுதானே முறை.”

“என்னத்துக்கப்பா என்ர பெயர்?” என்று மகாதேவன் ஒருதரம் மறுத்தார். ஒரே ஒருதரம். பிறகு, எழுத்துப் பிழை வராமல் போடச் சொன்னார். விசைப்பலகைக்கு முன்னால் இருந்தவள் சயந்தினி. அவள்தான் தன் கையால் அந்தப் பெயரைத் தட்டினாள். அப்போது அவளுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, மூத்தவர் முன்னால் இருந்துகொண்டு என் பெயரைப் போடுங்கள் என்று கேட்க எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வாய் வருமா?

சயந்தினி ஊரில் நகரசபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். வீட்டு வரைபடத்தைக் கையில் எடுத்தால் படி எங்கே இடறும், மழைத்தண்ணி எங்கே தேங்கும் என்று சொல்லிவிடுவாள். சிட்னிக்கு வந்த பிறகு, பரமற்றாவில் ஒரு கட்டட ஆய்வு அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பதும் கோப்பு அடுக்குவதும்தான் அவளுக்குக் கிடைத்த வேலை. அதன் முதலாளி கிரஹாம் ஒருநாள், அவள் ஒரு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டுவிட்டார். பில்டிங் கோட் பரீட்சையைப் பாஸ் பண்ணு, உன்னையும் என்னோடு ஆய்வுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். உதவி ஆய்வாளருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன், அடுத்த வருடம் மார்ச் முடியும்வரை வைத்திருப்பேன் என்றும் சொன்னார்.

பரீட்சைக்கு ஆயத்தப்படுத்த பிறிஸ்பேனில் ஒரு நிறுவனம் இணையத்தில் வீடியோப் பாடங்கள் நடத்தியது. வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சின்னச் சோதனை. விலைதான் கொஞ்சம் காரம். ஆளுக்கு ஒன்று எடுப்பதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. எங்கள் ஆட்கள் எதையும் சேர்ந்து செய்பவர்கள் அல்லவா? ஆட்டிறைச்சியைப் பங்கு போட்டு வாங்குவதுபோல் ஒரே எக்கவுண்டைப் பங்கு போட்டு வாங்கினார்கள். விக்னராஜா தளம் பதிக்கும் ஒப்பந்தக்காரர். நிரோஜன் அவரோடு வேலை செய்பவன். அவர்கள் இருவருக்கும் பாடம் விளங்கினால் போதும், சான்றிதழ் தேவையில்லை. சயந்தினிக்குத் தேவை. மகாதேவனுக்கு ஒன்றுமே தேவையில்லை. அவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல், கோயில் சபையில் தலைவர். ‘உங்களுக்கு ஒரு வழிகாட்டலாக இருக்கட்டும்’ என்று சேர்ந்துகொண்டார்.

வழிகாட்டல் எப்படியிருந்தது என்று சொல்கிறேன். சனிக்கிழமைப் பின்னேரம் பெரிய ரீவியில் பாடம் தொடங்கும். நீல் என்ற நரைமுடிக்காரர் தலைக்கவசத்தோடு தோன்றி, படிக்கட்டின் உயரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். ரிமோட் மகாதேவனின் கையில். நீலின் வாய் திறந்தபடி அப்படியே நிற்கும்.

“சம்பியாவில நான் அணை கட்டேக்க இப்பிடித்தான்,” என்று ஆரம்பிப்பார் மகாதேவன். அணைக்கும் படிக்கட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக் கூடாது. கதை முடிந்து நீல் மறுபடி வாயை மூடித் திறக்கும்போது, அங்கிள் சாய்மனைக் கதிரையில் நித்திரையாகியிருப்பார். அவருடைய மனைவி பவளம் அன்ரி வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் ரிமோட்டை அவர் கையிலிருந்து எடுத்துச் சயந்தினியிடம் கொடுப்பார். அதன் பிறகுதான் பாடம் நடக்கும்.

சோதனைகள் அத்தனையையும் எழுதியது சயந்தினி. விக்னராஜாவும் நிரோஜனும் ‘நீங்களே போடுங்கோ’ என்று வடையில் இறங்கிவிடுவார்கள். எந்தச் சோதனையிலும் அவளுக்கு ஒரு கேள்வி பிழைத்தது கிடையாது. சரி என்று பச்சை அடையாளம் விழும்போதெல்லாம் திரையின் மேல் மூலையில் மகாதேவனின் பெயர் நின்றது. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, குழுவின் பெயர்தானே என்று விட்டுவிட்டாள்.

மேல்மாடி விறாந்தைகளைப் பற்றிய பாடம் வந்த அன்று, நீல் ஒரு பந்தைக் கையில் எடுத்தார். குறுக்களவு நூற்றிருபத்தைந்து மில்லிமீற்றர். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் அந்தப் பந்து நுழையக் கூடாது, நுழைந்தால் அந்த வீட்டுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிப் பந்தைக் கம்பியில் வைத்து அழுத்திக் காட்டினார். பந்து போகவில்லை. சயந்தினி ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

அவளுடைய மகன் பிரதீஸுக்கு அப்போது எட்டு வயது. மூன்று வயதில், இடம்பெயர்ந்து வாடகைக்கு இருந்த ஒரு மாடிவீட்டில், அவன் விறாந்தைக் கம்பிகளுக்குள் தலையை விட்டான். தலை போனது, பிறகு உடம்பும் போனது. உயிர் தப்பியதே பெரிய காரியம். ஒரு கை முழங்கையில் உடைந்து, சரியாகப் பொருந்தாமல் இன்றுவரைக்கும் முழுதாக நிமிராது. இங்கே பள்ளிக்கூடத்தில் பந்து எறியும் நேரம் அவன் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து அழுத நாட்கள் அவளுக்கு உண்டு.

ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே மாணவர்கள் கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. அன்று அவள் ஆங்கிலத்தில் எழுதினாள்: ‘என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அவன் தலை அந்தக் கம்பிகளுக்குள்ளால் போனது. அதற்கு முதல் யாராவது ஒருவர் ஒரு பந்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்திருந்தால், அவன் கை இன்று நிமிரும்.’ அவ்வளவுதான். அனுப்பினாள். கீழே மகாதேவன் என்று பெயர் விழுந்தது. மகாதேவன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் பாடங்கள் முடிந்தன. சான்றிதழ் ஈமெயிலில் வந்தது. நூற்றுக்கு நூறு, அந்த வருடத்தின் முதல் மாணவர் என்ற பாராட்டும் சேர்த்து. அன்றுதான் சயந்தினி பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் போய், சிறிய எழுத்தில் இருந்ததை வாசித்தாள். இப்படி ஒரு பாடநெறியை முடித்த சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும்.

அவள் நேரே மகாதேவன் வீட்டுக்குப் போனாள்.

“அங்கிள், நீங்கள் ஒருக்கா அந்தக் கொம்பனிக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ. பெயரை மாத்தித் தரச் சொல்லி. மார்ச்சுக்குள்ள எனக்கு வேணும்.”

“அதுக்கென்ன பிள்ளை, செய்வம்,” என்றார் மகாதேவன். “அவசரப்படக் கூடாது. வெள்ளைக்காரனோட கதைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு.”

அவர் சொன்ன முறை எது என்று தைப்பொங்கலுக்குத்தான் தெரிந்தது. சான்றிதழ் பொன்நிறச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கோயில் மண்டபத்தில் பொங்கல் விழா. ‘எழுபதாவது வயதிலும் படித்து அவுஸ்திரேலியாவிலேயே முதலாவதாக வந்த எங்கள் தலைவர்’ என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கைகூப்பிக்கொண்டு, கல்விக்கு வயதில்லை என்று பேசினார். மண்டபம் கைதட்டியது. விக்னராஜா கைதட்டினார். நிரோஜன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தான். சயந்தினியும் கைதட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் பக்கத்துக் கதிரை அன்ரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் நெருங்கியது. கேட்கும் போதெல்லாம் ஒரு சாட்டு. பல்லுக்குத்து, கோயில் கூட்டம், பிறிஸ்பேனில் மழையாம். கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். குரலில் உற்சாகம் வழிந்தது.

“பிள்ளை, உமக்கு நல்ல செய்தி. அந்தக் கொம்பனிக்காரர் என்னைப் பேட்டி எடுக்க வாறாங்கள். முதலாம் ஆளெண்டபடியா, விளம்பரத்துக்குப் போடப் போறாங்களாம். அவங்கள் சந்தோசமா இருக்கேக்க உம்மட விசயத்தைக் கதைக்கிறன். உடன மாத்தித் தருவாங்கள். நீர் ஒருக்கா வந்து, என்னென்ன படிச்சது எண்டு எனக்குச் சொல்லித் தாரும்.”

சயந்தினி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தாள். திரும்பவும் வைத்தாள். “சரி அங்கிள்,” என்றாள். வேறு என்ன சொல்ல? கிரஹாம் வைத்திருக்கும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. பத்து நிமிடப் பேட்டி. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் மாறும், பெயர் மாறினால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் கையில் அளவுநாடாவோடு ஆய்வுக்குப் போகலாம்.

“நீர் பேசாமல் இருந்திட்டு வாரும்,” என்றான் அவளுடைய கணவன் சுஜீதன். அவனுக்கு அன்று பிளாக்டவுன் குளிர்களஞ்சியத்தில் வேலை. “மனுசன் ஆடுற ஆட்டத்தை ஆடட்டும். எங்களுக்கு அலுவல் முடிஞ்சால் போதும்.”

அப்படித்தான் அவளும் நினைத்துக்கொண்டு போனாள். பிரதீஸைத் தனியே விட முடியாமல் கூட்டிக்கொண்டு போனாள். போனவுடன் அவன் வழக்கம்போல் குசினிக்குள் பவளம் அன்ரியிடம் ஓடிவிட்டான்.

மகாதேவன் கோட்டும் ரையும் கட்டியிருந்தார். சட்டம் போட்ட சான்றிதழுக்குக் கீழே கதிரை. நிறுவனத்திலிருந்து கரென் என்றொரு பெண்ணும் கமராக்காரர் ஒருவரும் வந்திருந்தார்கள். கரென் நல்ல மனுசி, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சயந்தினியை யாரென்று கேட்டபோது மகாதேவன், “என் மாணவி,” என்றார் ஆங்கிலத்தில். சயந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு கமராவுக்குப் பின்னால் நின்றாள்.

முதல் கேள்விகளில் அவர் தப்பிவிட்டார். சயந்தினி முதல்நாள் சொல்லிக்கொடுத்தவற்றில் இரண்டைத் தலைகீழாகச் சொன்னார், சம்பியா அணையை நடுவில் சொருகினார். கரென் சிரித்தபடி தலையாட்டினாள். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“ஒரு பாடத்தின் கீழே நீங்கள் எழுதியதை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம்,” என்றாள். “அந்தப் பந்தைப் பற்றி, உங்கள் மகனைப் பற்றி. நீல் அதை இப்போது எல்லா வகுப்புகளிலும் வாசித்துக் காட்டுகிறார். உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறார்?”

மகாதேவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இருவரும் கலியாணம் கட்டி மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் பக்கம் இருக்கிறார்கள். ஆண்பிள்ளை கிடையாது. அவர் ஒரு கணம் முழித்தார். சயந்தினி அவரையே பார்த்தாள். இப்போது சொல்லுவார், அதை எழுதியது வேறு ஆள், எங்களோடு சேர்ந்து படித்த ஒரு பிள்ளை என்று சொல்லுவார். ஒரு வரி போதும். எவ்வளவு பந்தா காட்டினாலும் மனுசன்தானே.

மகாதேவன் குரலைத் தாழ்த்தினார். “அது மிகவும் கஷ்டமான காலம்,” என்றார் ஆங்கிலத்தில். “கடவுள் கிருபையால் இப்போது நன்றாக இருக்கிறான். பெரிய ஆளாகிவிட்டான். ஒரு தகப்பனாக நான் பட்ட வேதனைதான் என்னைப் படிக்க வைத்தது.”

கரென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சயந்தினிக்குக் கோபம் மூண்டது. பெயரை எடுத்தார், சரி. மதிப்பெண்ணை எடுத்தார், பொன்னாடையை எடுத்தார், தொலையட்டும் என்று விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடிய ஓட்டத்தையும் எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள இந்த மனுசனுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? அந்தப் பிள்ளை பத்தடி தள்ளிக் குசினியில் வடை தின்றுகொண்டிருக்கும்போதே அவனைப் பெரிய ஆளாக்கிவிட்டாரே.

“அங்கிள்,” என்றாள் தமிழில். “எந்தக் கை?”

மகாதேவன் திரும்பினார். “என்ன பிள்ளை?”

“கை நிமிராது எண்டு எழுதிக் கிடக்கு. எந்தக் கை? வலதோ, இடதோ?”

“பிறகு கதைப்பம்,” என்றார் பல்லுக்குள்ளால். கமராவுக்காகச் சிரிப்பு அப்படியே இருந்தது. கரென் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்ப சொல்லுங்கோ அங்கிள். வலதோ, இடதோ?”

அப்போது குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற பவளம் அன்ரியின் குரல் மெல்லக் கேட்டது.

“இடது.”

பிரதீஸ் வரும்போதெல்லாம் அந்த முழங்கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். அவருக்குத் தெரியும். மகாதேவன் என்ன செய்தார் தெரியுமா? திரும்பிக் கமராவைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். “இடது கை,” என்றார் ஆங்கிலத்தில், தனக்குத் தெரிந்ததைச் சொல்கிற ஆளைப்போல.

சயந்தினி கமராவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இவர் சொல்கிற பிள்ளை என்னுடையவன்,” என்றாள் கரெனிடம். அவளுடைய ஆங்கிலம் தட்டுத் தடுமாறுகிறதுதான், அன்று ஒரு சொல்லும் தடுமாறவில்லை. “அதை எழுதியது நான். சோதனைகளை எழுதியதும் நான். இவருக்கு மகன் இல்லை. என் மகன் உள்ளே இருக்கிறான். ஆனால் காட்டுவதற்காக அவனைக் கூப்பிட மாட்டேன்.”

கரென் கையைக் காட்ட, கமராக்காரர் நிறுத்தினார். பிறகு கரென் கேட்டாள், எல்லாச் சோதனைகளையுமா என்று. எல்லாவற்றையும் என்றாள் சயந்தினி.

“இதை நான் அலுவலகத்துக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்,” என்றாள் கரென். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “ஒருவருடைய எக்கவுண்டை இன்னொருவர் பாவித்தால் சான்றிதழ் செல்லாது. அதை வைத்து உங்கள் பெயருக்கு வேறொன்று தரவும் முடியாது. இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிந்துமா சொன்னீர்கள்?”

“ஓம்,” என்றாள் சயந்தினி. அது தமிழில் வந்துவிட்டது. கரெனுக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அவர்கள் கமராவை மடித்துக்கொண்டு போன பிறகுதான் மகாதேவனுக்கு வாய் திறந்தது.

“என்ர வீட்டுக்க நிண்டுகொண்டு என்ர மானத்தை வாங்கிப்போட்டாய். பத்து நிமிசம் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தா, உன்ர பெயருக்கு மாத்தித் தந்திருப்பன்.”

இதுவரை ‘உம்’ என்று கதைத்தவர், ‘உன்’னுக்கு இறங்கிவிட்டார். சயந்தினி இறங்கவில்லை.

“என்ர பெயருக்கு மாத்தித் தர முதல், என்ர பிள்ளையை உங்கட பெயருக்கு மாத்திப்போட்டியள் அங்கிள்,” என்றாள். குசினிக்குள் போய்ப் பிரதீஸின் கையைக் கழுவித் துடைத்து, பவளம் அன்ரியிடம் மட்டும் போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்த சுஜீதன் விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான்.

“பத்து நிமிசமப்பா. உமக்குப் பத்து நிமிசம் பொறுக்கேலாமல் போச்சே? ஒரு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமையாப் போனது எல்லாம் தண்ணியில போச்சு. அந்த மனுசன் என்ன சொன்னால் உமக்கென்ன?”

“ஒரு தகப்பனா தான் பட்ட வேதனையாம்,” என்றாள் சயந்தினி. “அப்பிடிச் சொன்னவர்.”

சுஜீதன் தலையிலிருந்து கையை எடுத்தான். “என்ன சொன்னவர்?”

“தகப்பனா.”

பிரதீஸ் விழுந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடியவன் அவன். ஓட்டோ கிடைக்காமல், கிடைத்த சைக்கிள்காரனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவன் அவன். அவன் எழும்பிக் கதவடிக்குப் போய்ச் செருப்பைத் தேடினான்.

“எங்க போறியள்?”

“அந்தத் தகப்பனை ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

அவனைப் பிடித்து இருத்துவதற்கு அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதன் பிறகு பத்து நிமிசம் என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

சான்றிதழ் ரத்து என்று ஈமெயில் வந்தது. கிரஹாமிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்ச் முடிந்ததும் அந்த இடத்துக்கு வேறொரு பெடியனை எடுத்தார். அவர்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் வேலை நடக்க வேண்டும். இன்னோர் இடம் வந்தால் பார்ப்போம் என்றார், வருமென்று சொல்லவில்லை. அந்தப் பெடியன் ஆய்வுக்குப் போகும்போது முகவரிகளை எழுதிக்கொடுப்பது சயந்தினியின் வேலையாயிற்று. கோயிலில் கதை வேறுவிதமாக ஓடியது. பொறாமைக்காரி, மூத்த மனுசனுக்கு வந்த பெயரைப் பொறுக்கமுடியாமல் கெடுத்துவிட்டாள் என்று. அவளோடு ஒன்றாக இருந்து வடை தின்றவர்கள்கூட அதை மறுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவளம் அன்ரி தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு ஏன் நான் ‘இடது’ எண்டு சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்லை. வாய் தன்ரபாட்டில சொல்லிப்போட்டுது. கலியாணம் கட்டின நாளிலயிருந்து குசினிக் கதவடியில நிண்டு மறுமொழி எடுத்துக் குடுத்துப் பழகிப்போச்சு. ஆரின்ரயோ பெயர், ஏதோ ஒரு நாள், பிள்ளையளின்ர வயசு. ஒருநாளும் ஆர் சொன்னது எண்டு திரும்பிப் பாத்ததில்லை, அவர்.”

“சட்டத்தைக் கழட்டிட்டன்,” என்றார் அன்ரி. “எங்க எண்டு கேட்டவர். நான் மறுமொழி சொல்லேல்லை. அவரே தேடட்டும்.”

அன்று பின்னேரம் சயந்தினி குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்தாள். முழுப் பணத்தையும் தனியே கட்டி, புதிதாக ஒரு எக்கவுண்ட். சான்றிதழில் வரவேண்டிய முழுப் பெயரை எழுதுக என்று மறுபடி கேட்டது. எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். முதலாம் பாடத்தை அழுத்தப் போன நேரம் தொலைபேசி அடித்தது. விக்னராஜா.

“தங்கச்சி, புதுசா எக்கவுண்ட் திறக்கப் போறீராம் எண்டு சுஜீதன் சொன்னான். எங்களுக்கும் கடைசிப் பாடங்கள் கொஞ்சம் விட்டுப்போச்சு. சனிக்கிழமை நாங்களும் வரட்டோ? ஒரு எக்கவுண்ட்தானே, எல்லாரும் சேந்து பாக்கலாம்.”

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, அதே வாயால், அதே கேள்வி. சயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் கூடவே வந்தது.

“வாங்கோ அண்ணை,” என்றாள். “மேசை பெரிசு. அவரவர் லப்டொப்பைக் கொண்டுவாங்கோ. அவரவர் பெயரில திறந்துகொண்டு வாங்கோ.”

விக்னராஜா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்ப, அங்கிளுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுவமோ? மூத்த ஆள், விட்டிட்டுச் செய்தால் நல்லாயிராது.”

“சொல்லுங்கோ,” என்றாள் சயந்தினி. “அவரும் வந்து முதலாம் பாடத்திலயிருந்து படிக்கட்டும். ஆனா அதுக்கு முதல், அண்டைக்குக் கமராவுக்குச் சொன்னதை இஞ்ச வந்து சுஜீதனுக்கு ஒருக்காச் சொல்லட்டும். தான்தான் பிரதீஸின்ர தகப்பன் எண்டு.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு முதலாம் பாடத்தை அழுத்தினாள்.